தன் பிழையைத் தானே எழுதிவைத்த அறிஞர் ஆல்டோ லியோபோல்ட்

அறிஞர் பெருமக்களின் வரலாறுகளில் அவர்கள் கண்டறிந்த உண்மைகளே பெரிதும் பேசப்படுகின்றன. அவர்கள் செய்த பிழைகள் ஏட்டில் ஏறுவது அரிது. ஏறினாலும் பிறர் எழுதியே ஏறும். பல ஆண்டுகள் தாம் உறுதியாக நம்பி, ஊர்தோறும் எடுத்துரைத்து, பலரையும் நம்பச் செய்த ஒரு கருத்து தவறானது என்று உணர்ந்து, அத்தவற்றில் தமது கையும் இருந்ததெனத் தாமே எழுதிவைத்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் அமெரிக்க நாட்டு வனவியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட். நிலப் பாதுகாப்பு என்னும் கருத்துக்கு அறநெறியின் தகுதியைப் பெற்றுத் தந்தவர் என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. அந்த அறநெறிக்கு அவரை இட்டுச் சென்ற வழி நேர்வழியன்று. அது ஓர் ஓநாயின் சாவில் தொடங்கி, முப்பத்தைந்து ஆண்டுகள் சுற்றி வந்த நெடுவழி.

மிசிசிப்பிக் கரையில்

லியோபோல்ட் 1887ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். ஜெர்மானிய மரபில் வந்த குடும்பம் அது. வீடு மிசிசிப்பி ஆற்றை நோக்கிய மேட்டின்மேல் இருந்தது. தந்தை கார்ல் லியோபோல்ட் எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். வேட்டைக்கு எல்லை வகுக்கும் சட்டங்கள் சரிவர ஏற்படாத அந்நாளிலேயே, இத்தனை பறவைக்கு மேல் சுடுவதில்லை என்று அவர் தமக்குத் தாமே வரம்பு விதித்துக்கொண்டார். பறவைகள் இனம்பெருக்கச் செல்லும் இளவேனிற் காலத்தில் நீர்ப்பறவை வேட்டையை அறவே விட்டொழித்தார். துப்பாக்கியைப் பிடிக்கவும், அதைக் கீழே வைக்கவும் மகன் ஒருங்கே கற்றது அந்தத் தந்தையிடம்தான்.

யேல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில் பயின்று 1909இல் முதுநிலைப் பட்டம் பெற்ற லியோபோல்ட், அவ்வாண்டிலேயே அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனாப் பகுதியிலுள்ள அப்பாச்சி தேசிய வனத்தில் பணி கிடைத்தது. அரிசோனா அப்போது தனி மாநிலமாகவும் ஆகியிருக்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு குதிரைமீது மலைமலையாக ஏறி, மரங்களைக் கணக்கெடுத்து வரைபடம் ஆக்குவது இருபத்திரண்டு வயது இளைஞருக்கு இட்ட பணி.

ஓநாயின் சாவு

1909ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பணியின் இடையே ஒரு நாள் அவரும் துணைவர்களும் மலைவிளிம்பின் பாறைமேல் அமர்ந்து நண்பகல் உணவு உண்டுகொண்டிருந்தனர். கீழே ஆற்றைக் கடந்து வந்த விலங்கை முதலில் பெண்மான் என்றே எண்ணினர். கரையேறி உடலை உதறியபோதுதான் அது ஓநாய் என்பது தெரிந்தது. வளர்ந்த குட்டிகள் பல அதனை எதிர்கொண்டு வாலாட்டி விளையாடின. ஓநாயைக் கண்டால் சுடாமல் விடும் வழக்கம் அந்நாளில் எவருக்கும் இல்லை. துப்பாக்கிகள் ஒருசேர வெடித்தன. தாய் ஓநாய் விழுந்தது. ஒரு குட்டி காலை இழுத்துக்கொண்டு பாறைகளுக்கிடையே மறைந்தது. இறங்கிச் சென்ற லியோபோல்ட், தாயின் கண்களில் இருந்த பச்சை ஒளி சிறிது சிறிதாக அணைவதைக் கண்டார்.

அக்காட்சி அன்றே அவர் உள்ளத்தை மாற்றிவிட்டது என்று சொல்வோர் உண்டு. உண்மை அதுவன்று. அந்நாளில் அவர் தம் அன்னைக்கு எழுதிய கடிதத்தில் ஓநாய்களைக் கொன்றது செய்தியோடு செய்தியாகவே இடம்பெற்றது. அதன் பின்னரும் பத்தாண்டுகளுக்கு மேலாக ஓநாய் ஒழிப்பையே அவர் வற்புறுத்தி வந்தார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும். ஓநாயே இல்லாவிட்டால் வேட்டைக்காரருக்கு அதுவே சுவர்க்கம் என்பது அக்காலத்தின் கணக்கு. கணக்கு எளிதாக இருந்தமையால் ஐயம் எழவில்லை.

1912இல் நியூ மெக்சிகோவிலுள்ள கார்சன் தேசிய வனத்தின் மேற்பார்வையாளர் ஆனார். அவ்வாண்டு அக்டோபரில் எஸ்டெல்லா பெர்கெரே என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டே, மழையிலும் பனியிலும் நனைந்து மேற்கொண்ட ஒரு பயணத்தின் முடிவில் கடுமையான சிறுநீரக நோய்க்கு ஆளாகி, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். ஓராண்டுக்கு மேல் பணிக்குத் திரும்ப இயலவில்லை. அந்த ஓய்வில் நூல்கள் பல படித்தார். விலங்குப் பாதுகாப்பில் நாட்டம் மிகுந்தது. பணிக்குத் திரும்பியதும் வேட்டைக்காரர்களை ஒன்றுதிரட்டி நியூ மெக்சிகோவில் விலங்குப் பாதுகாப்புச் சங்கங்களை அமைத்தார். அவற்றுக்கெனச் செய்தியிதழ் ஒன்றையும் நடத்தினார். மானைக் காப்பது ஒரு கை, ஓநாயையும் மலைச் சிங்கத்தையும் ஒழிப்பது மறு கை என்பதே அவ்விதழின் கொள்கை. 1915இல் அமெரிக்க நாடாளுமன்றமும் ஊனுண்ணி விலங்குகளை ஒழிக்க நிதி ஒதுக்கிற்று. 1920இல் நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் பேசிய லியோபோல்ட், நியூ மெக்சிகோவின் கடைசி ஓநாயைப் பிடிக்கும்வரை வேலை முடிந்ததாகாது என்னும் கருத்தையே முன்வைத்தார்.

மண் கற்பித்த பாடம்

அவருடைய பார்வையை முதலில் அசைத்தது விலங்கன்று, மண். 1919 முதல் தென்மேற்கு வனங்களைச் சுற்றிப்பார்த்து ஆய்வு செய்யும் உயர்பொறுப்பு அவருக்கு வந்தது. சென்ற இடமெல்லாம் மண்ணரிப்பைக் கண்டார். அளவுக்கு மிஞ்சி மேய்ந்த கால்நடைகள் புல்லை வேரோடு தின்றிருந்தன. புல் அழிந்த மலைச்சரிவில் பெய்த மழை மண்ணை வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ஆற்றோரத்து நல்ல வயல்களை அறுத்துச் சென்றது. புல், மண், நீர், கால்நடை, மனிதர் என்று ஏட்டில் தனித்தனியாக எழுதப்பட்டவை நிலத்தில் ஒரே முடிச்சாக இருப்பதை அவர் உணரத் தொடங்கினார். ஒன்றை உருவினால் மற்றவை அவிழும்.

நிலத்தின் ஒரு பகுதியேனும் சாலையும் கட்டடமும் நுழையாமல் அப்படியே விடப்படவேண்டும் என்று அவர் வாதாடினார். அதன் பயனாக 1924ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் நியூ மெக்சிகோவின் கீலா வனத்தில் ஏறத்தாழ ஏழரை லட்சம் ஏக்கர் பரப்பு தீண்டப்படாத வனமாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்க வனத்துறை இவ்வகையில் ஒதுக்கிய முதற்பகுதி அதுவே. அதே ஆண்டில் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வுக்கூடத்திற்கு மாற்றலாகிச் சென்றார். வெட்டிய மரத்தை ஆராயும் அவ்வேலையில் அவர் மனம் ஒன்றவில்லை. 1928இல் வனத்துறையைவிட்டு விலகி, மாநிலந்தோறும் சென்று காட்டு விலங்குகளின் நிலையைக் கணக்கெடுத்தார். 1933இல் வேட்டை விலங்கு மேலாண்மை பற்றிய அவரது பாடநூல் வெளிவந்தது. அத்துறைக்கு அதுவே மூலநூல் ஆயிற்று. அவ்வாண்டிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது.

இரு நாடுகள், இரு காடுகள்

1935ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் லியோபோல்ட் ஜெர்மனிக்குச் சென்று மூன்று மாதங்கள் அங்குள்ள காடுகளை ஆராய்ந்தார். வனவியலுக்கே தாயகம் எனப் பெயர்பெற்ற நாடு அது. அங்கே ஸ்புரூஸ் மரங்கள் படைவரிசைபோல் நின்றன. மான்கள் நிறைந்திருந்தன. ஆனால் மரங்களின் அடியில் புதரில்லை, பூச்செடியில்லை, இளங்கன்று இல்லை. முளைப்பதை எல்லாம் மான்கள் மேய்ந்துவிட்டன. பனிக்காலத்தில் மான்களுக்கு மனிதரே தீனி வைத்தனர். நட்ட கன்றுகளைக் காக்க வேலி கட்டினர். ஓநாயும் கரடியும் அக்காடுகளிலிருந்து எப்போதோ அகற்றப்பட்டிருந்தன. ஓநாயில்லாத சுவர்க்கம் எப்படியிருக்கும் என்பதை லியோபோல்ட் நேரில் கண்டார்.

மறு ஆண்டிலும், 1937ஆம் ஆண்டின் இறுதியிலும் அவர் வடக்கு மெக்சிகோவின் சியரா மாட்ரே மலைக்கு வேட்டைப் பயணம் மேற்கொண்டார். அரிசோனாவுக்கு அருகில், எல்லைக்கு அப்பாலுள்ள மலை அது. பாறையும் மழையும் மரவகையும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் அங்குச் சரிவுகளில் புல் அடர்ந்திருந்தது. கவிலான் ஆறு தெளிந்து ஓடிற்று. மான்கள் வேண்டிய அளவு இருந்தன; மிஞ்சவில்லை. ஓநாயும் மலைச் சிங்கமும் அங்கு இன்னும் உலவின. தாம் பணிபுரிந்த நிலம் நோயுற்ற நிலம் என்பது, நோயற்ற நிலத்தைப் பார்த்த பின்பே அவருக்கு முழுமையாக விளங்கிற்று.

மானும் ஓநாயும்

இவ்வேறுபாட்டின் காரணம் உயிரினங்களின் நெடிய வரலாற்றில் இருக்கின்றது. மானின் மெல்லிய கால்களும், தனித்தனியே திரும்பும் பெருஞ்செவிகளும், பின்புறமும் பார்க்கவல்லதாய்த் தலையின் பக்கவாட்டில் அமைந்த கண்களும் பல்லாயிரம் தலைமுறைகளாகத் தன்னைத் துரத்தியவற்றிடமிருந்து தப்பிப் பிழைத்ததன் விளைவு. மெதுவாக ஓடியவை இரையாயின, விரைந்தோடியவை ஈன்றன. மான்கன்றின் முதுகிலுள்ள வெண்புள்ளிகள் இலைகளினூடே விழும் வெயிற்பொட்டுகளோடு கலந்துவிடும். கன்று அசையாது கிடக்க, தாய் தன் மணம் எதிரியை அங்கே இட்டுவராதபடி விலகியே மேயும். வெண்வால் மான் ஆபத்தைக் கண்டதும் வாலை உயர்த்தி வெண்மையைக் காட்டி ஓடும். ஓநாயின் பல்லே மானின் உடலைச் செதுக்கியது என்றால் மிகையாகாது.

தற்காப்பு காலிலும் செவியிலும் மட்டும் இல்லை, கருப்பையிலும் இருக்கின்றது. உண்பதற்குக் குறைவில்லாதபோது பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் கன்றுகளை ஈனும். இழப்பை ஈடுசெய்வதற்கு இனம் கொண்ட வழி அது. ஓநாயை அகற்றிவிட்டால் இழப்பு குறையும். ஈனும் இயல்பு குறையாது. கூட்டம் பெருகும், இளங்கிளைகளும் கன்றுகளும் அழியும், இறுதியில் பனிக்காலத்துப் பட்டினியே ஓநாயின் வேலையைச் செய்யும். அதற்குள் மலை தன் பசுமையை இழந்துவிடும். செத்த மானுக்குப் பதில் மறு மான் சில ஆண்டுகளில் வந்துவிடலாம். மொட்டையான மலை மீளப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

இதற்குச் சான்றாக லியோபோல்ட் எடுத்துக்காட்டியவற்றுள் முதன்மையானது அரிசோனாவின் கைபாப் பீடபூமி. 1906இல் அது விலங்குக் காப்பிடமாக்கப்பட்டது. ஊனுண்ணிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. மான்கள் பெருகி, 1924க்குப் பின் வந்த பனிக்காலங்களில் பட்டினியால் மடிந்தன. அவர் கையாண்ட எண்ணிக்கைகள் நம்பத்தக்கவை அல்ல என்று 1970இல் கிரேம் காக்லி என்னும் உயிரியல் அறிஞர் மறுத்தார். கைபாப் கதை பாடநூல்களிலிருந்து மறையத் தொடங்கிற்று. பின்னர் 2006இல் வெளியான ஆய்வொன்று அப்பீடபூமியின் ஆஸ்பென் மரங்களின் வயதைக் கணக்கிட்டு, மான் பெருகியதாகச் சொல்லப்பட்ட ஆண்டுகளில் இளமரங்கள் தலையெடுக்காமற் போனதைக் காட்டிற்று. எண்கள் ஐயத்திற்கு உரியனவே. மலை தன் சாட்சியத்தை மரத்திலேயே எழுதிவைத்திருந்தது.

ஊரார் வசை

கொள்கை மாறுவது எளிது. அதை ஊரார் முன் நிலைநாட்டுவதே கடினம். 1940களின் தொடக்கத்தில் விஸ்கான்சினின் வடபகுதிக் காடுகளிலும் மான்கள் மிகுந்தன. நிலைமையை ஆராய அமைந்த குடிமக்கள் குழுவுக்கு லியோபோல்ட் தலைவரானார். பனிக்காலத்தில் காட்டிற்குள் சென்ற குழுவினர் பட்டினியால் மடிந்த மான்களையும், எட்டிய உயரம்வரை மேய்ந்து மொட்டையாக்கப்பட்ட மரங்களையும் கண்டனர். 1943இல் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரான அவர், கொம்பில்லாத மான்களையும் சுட இசைவளிக்கவேண்டும் என்று வாதிட்டார். பெண்மானைச் சுடுவது பெரும்பாவமாகக் கருதப்பட்ட இடம் அது. அவ்வாண்டு வேட்டையில் 1,20,000க்கும் மேற்பட்ட மான்கள் கொல்லப்பட்டன.

மாநிலம் கொதித்தெழுந்தது. அம்முடிவைக் குற்றம் என்றே மக்கள் பெயரிட்டனர். எதிர்ப்பதற்கென்றே தனிச் செய்தித்தாள் ஒன்று தோன்றி, இதழ்தோறும் அவரைச் சாடிற்று. மானைக் காக்கவே வாழ்நாளெல்லாம் உழைத்தவர் மானைக் கொல்பவர் என்று வசைபாடப்பட்டார். ஓநாய் இல்லாத காட்டில் ஓநாயின் கடமையை மனிதரே செய்தாகவேண்டியுள்ளது என்பதை ஊரார் ஏற்கவில்லை. அந்த ஓநாய்களை ஒழித்த தலைமுறையில் தாமும் ஒருவர் என்பதை அவர் அறிந்திருந்தார். அவரைத் திட்டியோர் கூறியவை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவரே கூறியவைதாம்.

மாணவர் கேட்ட கேள்வி

அவ்வாண்டுகளில் லியோபோல்ட் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க முயன்றுகொண்டிருந்தார். படங்கள் வரைய இசைந்திருந்தவர் அவருடைய முன்னாள் மாணவரும் பறவையியல் அறிஞருமான ஆல்பர்ட் ஹோக்பாம். கட்டுரைகளைப் படித்த ஹோக்பாம் ஒரு குறையைத் தயங்காமல் எழுதினார். பிறர் நிலத்திற்குச் செய்த தீங்கை ஆசிரியர் எடுத்துரைக்கின்றார். தாமும் அவ்வழியே நடந்தவர் என்பது எழுத்தில் இல்லை. ஓநாயின் அழிவில் தமது பங்கையும் சொல்லவேண்டாமா என்பது அக்கடிதங்களின் கருத்து. மாணவர் ஆசிரியரைக் கேட்டற்கரிய கேள்வி அது.

ஆசிரியர் விடை எழுதினார். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அவர் எழுதி முடித்த சிறு கட்டுரைதான், மலையைப்போல் சிந்திப்பது பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை. 1909இல் அணைந்த அந்தக் கண்ணொளி முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஏட்டில் ஏறிற்று. தாமே சுட்டதையும், சுட்டபோது தாம் எண்ணியதையும், அவ்வெண்ணம் பிழையானதையும் மூன்று பக்க அளவில் அவர் சொல்லிவிட்டார். மான் ஓநாய்க்கு அஞ்சி வாழ்வதுபோல் மலை மானுக்கு அஞ்சி வாழ்கிறதோ என்னும் அவரது ஐயம், நூறு ஆய்வேடுகள் செய்யாத வேலையைச் செய்தது.

கோழிக்கொட்டிலும் பைன் கன்றுகளும்

பேசியதைச் செய்துகாட்ட அவருக்கு ஓர் இடமும் இருந்தது. 1935இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில், விளைந்து விளைந்து சாரமற்றுக் கைவிடப்பட்ட மணற்பாங்கான பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கு எஞ்சிநின்ற கட்டடம் ஒரு பழைய கோழிக்கொட்டில். எருவை வாரியெறிந்து, அதையே குடும்பம் தங்கும் குடிலாக்கினர். வார இறுதிதோறும் அவரும் மனைவியும் மக்கள் ஐவரும் அங்குச் சென்று பைன் கன்றுகளை நட்டனர். 1936ஆம் ஆண்டின் வறட்சியில் நட்டவற்றுள் பெரும்பாலானவை கருகிப்போயின. மறு ஆண்டு மீண்டும் நட்டனர். பதின்மூன்று ஆண்டுகளில் அம்மணல் பல்லாயிரம் மரங்களைத் தாங்கிற்று. முதற்பூ எப்போது மலர்ந்தது, முதற்பறவை எந்நாளில் வந்தது என்று லியோபோல்ட் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவந்தார்.

நூலைப் பதிப்பாளர் சிலர் மறுத்துத் திருப்பினர். 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்ட செய்தி வந்தது. ஒரு வாரம் கழித்து, 21ஆம் நாள், குடிலில் இருந்தபோது அண்டைப் பண்ணையில் புல்லில் தீப்பற்றியது. தீயணைக்க ஓடிய லியோபோல்ட், அங்கேயே மாரடைப்பால் உயிர்நீத்தார். அப்போது வயது அறுபத்தொன்று. பிறந்த ஊரான பர்லிங்டனிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருக்குப் பின்

நூலை மகன் லூனாவும் நண்பர்களும் செப்பம் செய்தனர். எ சாண்ட் கவுண்டி அல்மனாக் என்னும் பெயரில் 1949இல் அது வெளிவந்தது. மனிதன் நிலத்தின் தலைவன் அல்லன். மண்ணும் நீரும் மரமும் விலங்கும் சேர்ந்த குடியில் அவனும் ஓர் உறுப்பினன் என்பது அந்நூலின் முடிபு. தொடக்கத்தில் அதைப் படித்தோர் சிலரே. 1960களின் இறுதியில் மலிவுப் பதிப்பு வந்தபின் அது பரவி, இருபது லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஸ்டார்க்கர், லூனா, எஸ்டெல்லா ஆகிய மக்கள் மூவர் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மற்றொரு மகள் நினா, தந்தையின் குறிப்பேட்டோடு தம் காலக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, விஸ்கான்சினில் இளவேனிலின் அறிகுறிகள் பல முன்னதாகவே தோன்றத் தொடங்கிவிட்டதைப் பிற அறிஞர்களோடு சேர்ந்து 1999இல் வெளியிட்டார். தந்தை எழுதியபோது புவி வெப்பமாவது அவர் கருத்தில் இல்லை. உள்ளதை உள்ளவாறு எழுதிவைத்தார். அது அரை நூற்றாண்டுக்குப் பின் சான்றாயிற்று.

1926இல் கடைசி ஓநாய்கள் கொல்லப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995இல் ஓநாய்கள் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. அவற்றின் வரவால் காடு எவ்வளவு மாறிற்று என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓநாய்க்கு இடமுண்டு என்பதை மறுப்போர் அவருள் இல்லை. 1998ஆம் ஆண்டு மார்ச்சில் மெக்சிகோ ஓநாய்கள் பதினொன்று அரிசோனாவின் நீல மலைத்தொடரில் விடப்பட்டன. இருபத்திரண்டு வயது வனத்துறை இளைஞர் ஒருவர் மரங்களைக் கணக்கெடுக்கப் போய், பாறை விளிம்பில் அமர்ந்து துப்பாக்கியை எடுத்த மலைப்பகுதி அது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து அங்கே மீண்டும் ஓநாயின் ஊளை கேட்டது. மானும் செவியைத் திருப்பியது.